ஈயக்கட்டிக்கு இட்ட திருநீறு

புரட்டாசி 10, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். மேகம் வந்தது, எட்டிப் பார்த்தது, போய்விட்டது. மிளகாய் விதை ஊறப்போடுவதா வேண்டாமா என்று என் சின்ன மகன் வேலு வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆயுத பூசை வருகிறது. கூடத்துச் சுவரில் உள்ள படங்களை இறக்கித் துடைத்தேன்.

சரவணன். மூத்தவன் மகன். போலீஸ் உடுப்பு, இடுப்பில் துப்பாக்கி. ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து எடுத்த வேலை.

தேவி. அவன் தங்கச்சி. மதுரையில் நர்ஸ். வெள்ளை உடுப்பு. வலிக்காமல் ஊசி போடுவாளாம், வார்டில் அவளைத்தான் கேட்பார்களாம்.

கண்ணன். மகள் வயிற்றுப் பேரன். சிலம்பத்தில் மாவட்டத்துக்கே முதல். கையில் இருக்கிற கோப்பை அவனைவிடப் பெரிது.

கயல். வேலு மகள். எல்லாரையும்விட அதிகம் படித்தவள், இன்னும் படிக்கிறவள். படம் மட்டும் பத்தாம் வகுப்பில் எடுத்தது. இரட்டைச் சடை, ரிப்பன். புதுப்படம் அனுப்படி என்றால் போனில் அனுப்புகிறாள். போனை ஆணியில் மாட்ட முடியுமா?

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"அப்பத்தா! ஈயம் பாஸாயிருச்சு!"

"அது எந்தப் பரிச்சைத்தா எழுதுச்சு?"

"சத்தமே போடாம உக்காந்திருக்கணும். அதான் பரிச்சை."

தைப்பொங்கலுக்கு வந்தபோது, களத்து ஈயக்கட்டியிலிருந்து துளி சுரண்டிப் பொட்டலம் கட்டி எடுத்துப்போனாள். விளையாட்டு என்று நினைத்தேன். இப்போது கட்டி மொத்தமும் வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், கூடப் படிக்கிற பிள்ளையும் வருகிறது.

நம் வீட்டில் பாஸானவர்கள் கணக்கில் இனி ஈயக்கட்டியும் சேர்த்தி.

புரட்டாசி 11, சனி

திருப்புல்லாணிக்குப் போய்ப் பெருமாளைப் பார்த்தேன். கூட்டம். தேங்காய் பாதி அழுகல். துளசி வாங்க மறந்தேன்.

பஸ்ஸில் பக்கத்து வீட்டு ராக்கு கூடவே வந்தாள். ஈயம் பாஸான கதையைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு.

"மதினி, கேக்குறேன்னு கோவிச்சுக்கிறாத. சரவணன் கையில துப்பாக்கி. தேவி கையில ஊசி. அந்தச் சின்னப்பய கையில கப்பு. கயலு கையில என்ன இருக்கு?"

"அவ கண்ணுக்குத் தெரியாத ஒண்ணப் பிடிக்கிறா."

"பேயையா?"

பஸ்ஸே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் வெட்கம்.  பதிலை நாளைக்குக் கயலிடமே கேட்டு, இங்கே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த சனிக்கிழமையும் அதே பஸ்தான்.

ஈயக்கட்டிகளின் கதையையும் எழுதிவிடுகிறேன். என் மாமனாருக்குத் தாத்தா காலத்தில் தேவிபட்டினம் பக்கம் ஒரு தோணி தரைதட்டி உடைந்ததாம். மரத்துக்காக அதை விலைக்கு எடுத்தார்கள். மாட்டுக்கொட்டகை உத்திரம் அந்தத் தோணி மரம்தான். அடிப்பாரத்துக்குப் போட்டிருந்த ஈயமும் மரத்தோடு வந்தது. செங்கல் மாதிரி நீளக் கட்டிகள். அன்றிலிருந்து களத்தில் மிளகாய் காயும்போது படுதா பறக்காமல் மேலே வைக்கிறோம். எந்தக் காற்றுக்கும் அசையாது.

புரட்டாசி 12, ஞாயிறு

வந்துவிட்டார்கள். கயல் மெலிந்திருக்கிறாள். கூட வந்தவள் ஸ்டெல்லா, பாம்பன்காரி, அப்பா கடல் தொழில். வாய் ஓயாத பிள்ளை. வந்ததும் வராததுமாகக் கட்டியைப் பார்த்து, "எங்க வீட்லயும் வலைக்கு ஈயக்குண்டு சாக்கு நெறைய இருக்கு அப்பத்தா. ஒண்ணுக்கும் உதவாது. எல்லாம் புதுசு" என்றாள்.

புதுசு என்றால் உதவாதா? கயல் சொன்னது: பூமியிலிருந்து புதிதாக எடுத்து உருக்கிய ஈயத்துக்குள் கொஞ்சம் கதிர் வீசுகிற சரக்கு கலந்திருக்கும். முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். வருசம் ஆக ஆக அடங்கும். நம் தோணி ஈயம் நாலைந்து தலைமுறையாகச் சும்மா கிடந்து முக்கால்வாசிக்கு மேல் அடங்கிப்போனது. அதற்குத்தான் இந்த மரியாதை.

பின்கட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் கம்பி பிரஷ்ஷால் தேய்தேய் என்று தேய்த்தார்கள். ஏதோ மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். கையில் உறை, மூக்கில் துணி. ஈயத்தூள் உடம்புக்கு ஆகாதாம். நான் ஒரு கட்டியைத் தூக்கப் போனேன்.

"அப்பத்தா, தொடாத! உறை போட்டுட்டுத் தொடு."

"ஏன், எங்கை அழுக்கா?"

"அழுக்கு இல்ல. வேர்வையில பொட்டாசியம் இருக்கு. அதுவும் முணுமுணுக்கும். எங்கையிலயுந்தான் இருக்கு."

"நானு வாயிலதான் முணுமுணுக்கேன்னு ஒங்கப்பன் சொல்வான். ஒடம்பே முணுமுணுக்குதா!"

ஸ்டெல்லா சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள்.

மதியம் மீன்குழம்பு, பொரித்த மீன். புரட்டாசியில் இந்த வீட்டில் மீனா என்று மருமகள் செல்வி முகத்தைத் தூக்கினாள். விருந்தாளிப் பிள்ளைக்காக என்று சொன்னதும் சரியாகிவிட்டாள். பொரித்தது அவள்தான், இரண்டு துண்டு தின்றதும் அவள்தான்.

சாப்பிட்டு முடித்ததும் கயலைப் பிடித்து வைத்துக் கேட்டேன். ராக்குவுக்குச் சொல்ல வேண்டும், விளங்குகிற மாதிரி சொல் என்று. சொன்னதை எழுதுகிறேன்.

அதன் பேர் நியூட்ரினோ. அணு உலையிலிருந்து கொள்ளை கொள்ளையாக வரும். சுவர், மலை, மனுசன், எல்லாவற்றையும் ஒன்றும் நடக்காத மாதிரி தாண்டிப் போகும். எப்போதாவது ஒன்று, அணுவின் நடுவில் இருக்கிற கருவில் மோதும்.

அந்த மோதல் எப்படி என்று கேட்டதற்கு, மிளகாய் மூட்டை அடுக்கியிருக்கிற அறைக்குக் கூட்டிப் போனாள்.

"வியாபாரி வந்தா என்ன செய்வாரு?"

"கம்பிய விட்டுக் குத்துவாரு. நாலு மிளகாயை வெளிய எடுத்துப் பாப்பாரு."

"மூட்டை அசையுமா?"

"அது எங்க அசையுது."

"சக்தி கூடுன நியூட்ரினோ அப்பிடி. கருவுக்குள்ள ஏதாச்சும் ஒண்ணை மட்டும் தட்டும். எங்களுக்கு வேண்டியது சக்தி கொறஞ்சது. அது உள்ளங்கை மாதிரி. தனித்தனியா எந்த மிளகாயும் அதுக்குத் தெரியாது. மூட்டை மொத்தத்தையும் ஒண்ணா நெனச்சுத் தள்ளும். நீயே தள்ளிப் பாரு."

தள்ளினேன். ஒரு நூலளவு அசைந்தது. கிழவி தள்ளி அசைந்ததே பெரிது.

"அந்த ஒரு நூல் அசைவைத்தான் அப்பத்தா பிடிக்கணும். உப்பு மாதிரி ஒரு பளிங்குக்கட்டி வச்சிருக்கோம். உள்ள ஒரு கரு அசைஞ்சா மினுக்குன்னு ஒரு வெளிச்சம் வரும். மத்தது எதுவும் அங்கன முணுமுணுத்தா, இந்த மினுக்கு தெரியாமப் போயிரும். அதான் சுத்தி ஈயம்."

ஈயம் நியூட்ரினோவையும் தடுத்துவிடாதா என்று கேட்டேன். கயல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நல்ல கேள்வியாம். அதற்கு ஈயமும் ஒன்றுதான், வெறுங்காற்றும் ஒன்றுதானாம்.

பெரிய மூட்டையா சின்ன மூட்டையா என்றும் கேட்டேன். உள்ளே சரக்கு அதிகமானால் அகப்படுவது பல மடங்கு அதிகம், ஆனால் கனமானதால் அசைவது கொஞ்சம். இரண்டுக்கும் நடுவில் பார்த்து வைக்க வேண்டுமாம். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி என்றேன். உடனே எழுந்து போய்விட்டாள்.

புரட்டாசி 13, திங்கள்

கட்டிகளை எல்லாம் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, உள் அறையில் பலகை மேல் அடுக்கிவிட்டார்கள். பூசை லீவு முடிந்து வெள்ளிக்கிழமைதான் வண்டி வரும். அதற்குள் பாம்பனில் ஸ்டெல்லா வீட்டுக்குப் போய் வருகிறார்கள் இரண்டு பேரும். பூசை அன்றைக்குச் சாயங்காலம் வந்துவிடுவார்களாம்.

போகும்போது கயல் அவள் அப்பனிடம் சொன்னது காதில் விழுந்தது. அவர்கள் பளிங்கு வைத்திருக்கிற அணு உலையை மராமத்துக்கு நிறுத்தியிருக்கிறார்கள், இப்போதுதான் உள்ளே போய் அடுக்க விடுவார்கள், தீபாவளிக்குள் முடிக்க வேண்டும். தவறினால் அடுத்து எப்போது விடுவார்களோ. படிப்பு ஒரு வருசம் பின்னால் போகும். வேறு பழைய ஈயத்துக்கும் வழியில்லை.

வேலு: "அதெல்லாம் ஆகும்த்தா. இங்கன பத்திரமா இருக்கும். ஒங்கப்பத்தா காவல்."

ஆமாம். காவல் நான்.

சுண்டலுக்குக் கொண்டைக்கடலை வாங்க வேண்டும். சந்தனம் தீர்ந்துவிட்டது.

புரட்டாசி 15, புதன். ஆயுத பூசை

காலையிலேயே மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை எல்லாம் கழுவித் துடைத்து வரிசை. டிராக்டருக்கு வாழைக்கன்று. வேலு பைக்கு, செல்வி தையல் மிஷின், கிரைண்டர், மிக்ஸி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், திருநீறு. சரவணன் போனில் சொன்னான், ஸ்டேஷனில் துப்பாக்கிக்குப் பொட்டு வைத்தார்களாம்.

பிறகு நினைத்தேன். இந்த வருசம் இந்த வீட்டில் பெரிய ஆயுதம் எது? தாளுக்குள் சுற்றி அறைக்குள் கிடக்கிறது. எத்தனையோ தலைமுறையாகப் படுதா பிடித்தது. இப்போது கயலோடு உலைக்குப் போகிறது. மண்வெட்டிக்கு இருக்கிற மரியாதை அதற்கு இல்லையா?

மறக்கவில்லை, முதலில் கையுறை போட்டேன். அவர்கள் விட்டுப்போன உறை. தாளை மெல்லப் பிரித்தேன். ஒவ்வொரு கட்டிக்கும் மூன்று விரல் திருநீற்றுப் பட்டை, நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஒரு கட்டியில் பழைய ஆணித்துளை. அதற்குள் சந்தனத்தைக் குழைத்து வைத்து, மேலே திருநீறு அப்பி, பொட்டும் வைத்ததும் கண் திறந்த மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவு அழகு.

ராக்குவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதான் ஒம் பேத்தி சாமானா? நல்லாத்தான் இருக்கு மதினி" என்றாள். முதல் தடவையாக நல்ல வார்த்தை.

சாயங்காலம்

கயல் வந்தாள். அறைக்குள் போனாள். 

நான் சுண்டல் கிண்ணத்தோடு பின்னாலேயே போனேன். நின்ற இடத்திலேயே நிற்கிறாள். ஸ்டெல்லா வாயைக் கையால் பொத்திக்கொண்டிருக்கிறாள். சிரிப்பா பயமா, தெரியவில்லை.

"அப்பத்தா... யாரு வச்சா?"

"நானுதான். உறை போட்டுக்கிட்டுத்தான் வச்சேன்" என்று கையைத் தூக்கிக் காட்டினேன். உறையை இன்னும் கழற்றவில்லை.

ஸ்டெல்லாவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். கயல் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"திருநீறு என்னதுல செய்றது அப்பத்தா?"

"சாணியச் சுட்டு."

"மாடு தின்னது புல்லு. புல்லு, வைக்கோல் எல்லாத்துலயும் பொட்டாசியம். எரிச்சாலும் அது சாம்பல்ல அப்பிடியே நிக்கும். வேர்வையில இருக்கத விடப் பல மடங்கு."

அப்போதுதான் உறைத்தது. சாம்பல் சத்து! பூ உதிராமல் இருக்க மிளகாய்க்கு நாமே போடுகிறோமே, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. உரக்கடையில் மூட்டையில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். அதே பொட்டாஷ்தான். கையில் இருக்கிற துளிக்குப் பயந்து உறை மாட்டிக்கொண்டு, மூன்று விரலால் அள்ளிப் பூசியிருக்கிறேன்.

"துடைச்சா போயிராதாத்தா?"

"ஈயம் மெத்துனு இருக்கும் அப்பத்தா. பிரஷ் போட்ட கீறல் எல்லாத்துலயும் போய் உக்காந்திருக்கும்."

சுண்டல் ஆறிப்போனது. யாரும் தொடவில்லை. காவல் நானாம், காவல்.

புரட்டாசி 16, வியாழன். விஜயதசமி

காலையில் எழுந்ததும் கயல்தான் முதலில் வந்தாள். காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "மூஞ்சிய அப்பிடி வைக்காத. சீவிரலாம்" என்றாள். அவளுடைய சாரிடம் போனில் பேசியிருக்கிறாள். மேல்தோலை முழுசாகச் சீவி எடுத்துவிட்டால் அடியில் பழைய ஈயம் அப்படியே இருக்குமாம். உருக்கலாமே என்றான் வேலு. உருக்கினால் பாத்திரத்திலிருந்து வேறு அழுக்கு சேருமாம்.

வேலு ரா.புரம் டவுனுக்குப் போய்ப் புதுக்கத்தி, புது உளி வாங்கி வந்தான். கடை பாதி சாத்தியிருந்ததாம், கெஞ்சித் திறக்க வைத்தானாம். பழைய உளி கூடாது என்று கயல் சொல்லிவிட்டாள்.

பின்கட்டில் நாள் முழுக்கச் சீவல். வேலு, செல்வி, இரண்டு பிள்ளைகள். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நாலு பேரும் கொள்ளைக்காரர் மாதிரி. ராக்கு வேலி மேல் எட்டிப் பார்த்து, "நேத்துதான் பொட்டு வச்சீக, இன்னிக்குத் தோலை உரிக்கிறீக. என்ன சாமிடி இது?" என்றாள். ஸ்டெல்லா சட்டென்று, "முடியெறக்குறோம் மதினி!" என்று கத்தினாள். அவள் எப்போது ராக்குவுக்கு மதினி முறை ஆனாள்? எல்லாரும் சிரித்தோம். கயலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

என் வேலை, தண்ணீர் ஊற்றுவது, எட்டி நின்று. வேறெதையும் தொட விடவில்லை. நியாயம்.

சீவச் சீவ வெள்ளி மாதிரி பளபளப்பு. தோணியில் வந்த அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ.

ஆணித்துளைக் கட்டிதான் தகராறு. துளை ஆழம், உளி போகவில்லை. கயல் அதைத் தனியாகச் சுற்றி வைத்தாள். மற்றதும் சுத்தமாகிவிட்டதா என்று இங்கே சொல்ல முடியாதாம். அங்கே மெஷினில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

புரட்டாசி 17, வெள்ளி

வண்டி வந்தது, ஏற்றினார்கள், போனார்கள். போகும்போது திருநீறு பூசிவிடக் கை போனது. இழுத்துக்கொண்டேன்.

"எனக்குப் பூசு அப்பத்தா. நான் பளிங்குக்கு உள்ளயா போகப் போறேன்? குளிச்சுட்டுத்தான் கிட்டப் போவேன்" என்று நெற்றியைக் காட்டினாள். பூசினேன். ஸ்டெல்லாவும் நெற்றியைக் காட்டினாள். அவளுக்குச் சிலுவை போடவா பட்டை போடவா என்றேன். "ரெண்டும் போடுங்க, பாஸாகட்டும்" என்கிறாள்.

களத்து மூலை காலியாகக் கிடக்கிறது. படுதாவுக்கு இனி செங்கல்தான்.

புரட்டாசி 20, திங்கள்

போன் இல்லை. விதை ஊறப்போட்டாயிற்று. கோழி ஒன்றைக் காணவில்லை, அப்புறம் வைக்கோல் போரில் கிடைத்தது, முட்டையோடு.

நானாகப் போன் போடக் கூடாது என்று வைத்திருக்கிறேன். இரண்டு தடவை போட்டேன். எடுக்கவில்லை.

புரட்டாசி 25, சனி

திருப்புல்லாணி. போன சனிக்கிழமை போக முடியவில்லை, இன்றைக்குத்தான் பஸ்ஸில் ராக்குவுக்கு மூட்டைக் கதையைச் சொன்னேன். கம்பி, உள்ளங்கை, எல்லாம். முன்சீட்டுக்காரர் திரும்பி உட்கார்ந்து கேட்டார். ராக்கு, "அப்ப அந்த அசைவு எப்பத் தெரியும்?" என்றாள். ஈயம் பாஸானால்தான் என்றேன். "அதான் முன்னாலயே பாஸாயிருச்சே?" மறு பரீட்சை என்றேன். எதற்கு என்று கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவளுக்கா தெரியாது? பொட்டைப் பார்த்தவள், தோலை உரித்ததையும் பார்த்தவள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும்வரை விடவில்லை.

பெருமாளிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

ஐப்பசி 3, திங்கள். தீபாவளி

கயல் வரவில்லை. குரல் மட்டும் வந்தது, அரை நிமிசம். "அடுக்கிக்கிட்டிருக்கோம் அப்பத்தா, அப்பறம் பேசுறேன்." எதை அடுக்குகிறாள்? கேட்பதற்குள் வைத்துவிட்டாள். அடுக்குகிறாள் என்றால் நல்லதுதானே? செல்வி ஆமாம் என்கிறாள். வேலு, கயலே சொல்லட்டும் என்கிறான்.

அதிரசம் கொஞ்சம் கருகல். மழை. வெடி எல்லாம் நமுத்துப் போச்சு.

ஐப்பசி 7, வெள்ளி

நல்ல மழை. கண்மாய்க்குத் தண்ணீர் வருகிறது. நாற்று தலை காட்டிவிட்டது.

கயல் பேசினாள்! உட்கார்ந்து, ஆற அமர.

"எல்லாம் பாஸ் அப்பத்தா. தீபாவளிக்கு முந்துன நாளே மெஷின் சொல்லிருச்சு. அடுக்கி முடிச்சு, கதவச் சாத்தியாச்சு. உலையும் ஓட ஆரம்பிச்சிருச்சு."

"ஆணித்துளைக்காரன்?"

"அவன் மட்டும் பெயிலு. என்ன கழுவுனாலும் துளைக்குள்ள இருந்து பேசிக்கிட்டே இருக்கான்."

"என் வாய்தான் அவனுக்கும்."

சிரித்தாள். தூர எறிந்துவிட்டார்களோ என்று கேட்டேன். இல்லையாம். அவள் மேஜை மேல் இருக்கிறானாம், ஃபேன் காற்றில் தாள் பறக்காமல். படுதா பிடித்தவன் தாள் பிடிக்கிறான். பொட்டும் துளைக்குள் கொஞ்சம் மிச்சமிருக்கிறதாம். சார் பார்த்துவிட்டு, இது யார் வைத்த கண் என்று கேட்டாராம்.

மூட்டை அசைந்ததா என்று கேட்டேன். அதற்கு மாசக்கணக்கு ஆகுமாம். உலை ஓடும்போதும் நிற்கும்போதும் மினுக்குகளை எண்ணி, வித்தியாசம் பார்க்க வேண்டுமாம். ஆகட்டும். எத்தனையோ தலைமுறை சும்மா இருந்த ஈயம், அதற்கென்ன அவசரம்.

ரிப்பன் படத்தை இப்போதே சுவரிலிருந்து இறக்கி, பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஆணி காலி. உள்ளே போட்டோ எடுக்க விட மாட்டார்களாம், சரி, விட வேண்டாம். நாளைக்குப் போனில் கயலிடம் சொல்ல வேண்டியது: மேஜை முன்னால் நில். ஸ்டெல்லா எடுக்கட்டும். தலையை வாரிக்கொள். அந்தக் கட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொள், பொட்டு முன்பக்கம் தெரியட்டும், ராக்கு பார்க்க வேண்டும். கையுறை போட்டுக்கொள். போனில் அனுப்பாதே, பெரிதாக அச்சுப் போட்டு, மழைத்தண்ணீர் படாத உறையில் வைத்து, தபாலில் அனுப்பு.